பக்கத்தில் ஆள் இல்லாத முதல் நாள்

(பிசியோதெரபி, உடற்கல்வி மாணவர்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவில் அத்லெடிக் டிரெயினர் என்றொரு தொழில் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் ஜிம்மில் எடை தூக்கச் சொல்லித்தருபவர் என்று தோன்றும். இவர் செய்வது வேறு வேலை. விளையாடுகிற பிள்ளைக்கு அடிபடாமல் பார்த்துக்கொள்வதும், அடிபட்டால் மைதானத்துக்குள் முதலில் ஓடுவதும், என்ன காயம் என்று கணிப்பதும், அந்தப் பிள்ளை பழையபடி ஓடும்வரை கூடவே இருப்பதும் இவர் பொறுப்பு. மருத்துவர் ஒருவரின் வழிகாட்டுதலில் இயங்குகிற மருத்துவப் பணியாளர். 1950-இல் கான்சஸ் சிட்டியில் இவர்களுக்கென்று தேசியச் சங்கம் தொடங்கினார்கள். 1990-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதை மருத்துவம் சார்ந்த தொழில்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. பள்ளி, கல்லூரி, தொழில்முறை அணிகள், ராணுவப் பயிற்சி முகாம்கள், நடனக் குழுக்கள், கனமான சுமை தூக்கும் தொழிலாளிகள் உள்ள ஆலைகள் என்று இன்று பல இடங்களில் வேலை பார்க்கிறார்கள்.

இந்தத் தொழிலுக்குப் படிக்கிற பிள்ளைகளைக் களத்தில் மேற்பார்வை செய்வது என் வேலை. பிரிசெப்டர் என்பார்கள். வகுப்பில் படித்ததை மைதானத்தில் செய்துபார்க்கும்போது பக்கத்தில் நிற்கிற ஆள். படிப்பு முடிந்து வேலைக்குப் போகிற பிள்ளையை எப்படித் தயார்செய்வது என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். நீங்கள் படிக்கும் படிப்பு வேறு என்பது தெரியும். ஆனால் படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் உங்களுக்கும் அதே பள்ளம்தான்.

முதலில் இந்தத் தொழிலுக்குள் வரும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் 1,500 மணி நேரம் களத்தில் வேலை பார்த்துவிட்டுத் தேர்வு எழுதுகிற வழி இருந்தது. அந்த மணிக்கணக்கில் எத்தனை மணி தண்ணீர் பாட்டில் நிரப்பியதில் போயிற்று, எத்தனை மணி கற்றுக்கொண்டதில் போயிற்று என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. மாணவர்கள் சம்பளமில்லா வேலையாட்களாக ஆனார்கள். 2004-இல் அந்த வழியை மூடினார்கள். அதன்பின் அங்கீகாரம் பெற்ற படிப்பு கட்டாயம். 2015-இல் தொழிலின் தலைமை அமைப்புகள் கூடி, இனி முதுகலைப் பட்டம்தான் நுழைவுத் தகுதி என்று முடிவெடுத்தன. 2022-க்குப் பிறகு இளங்கலைப் படிப்பில் புதிதாக ஆள் சேர்ப்பதில்லை. படிப்பு முடியும் தறுவாயில் போர்டு ஆஃப் சர்ட்டிஃபிகேஷன் என்ற அமைப்பு நடத்தும் தேர்வு. 175 கேள்விகள், நான்கு மணி நேரம். அதில் தேறினாலும் மறுநாளே மைதானத்தில் இறங்கிவிட முடியாது. ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் அந்தந்த மாநிலத்தின் உரிமம் தனியாக வாங்க வேண்டும். பட்டமளிப்புக்கும் உரிமத்துக்கும் நடுவே வாரக்கணக்கில் தாமதமாகி, கையில் வந்த வேலையைத் தொடங்க முடியாமல் தவிக்கிற பிள்ளைகளைப் பார்க்கலாம். இதைக் கடைசிப் பருவத்தின் தொடக்கத்திலேயே சொல்லி விண்ணப்பிக்க வைக்க வேண்டும். சின்ன விஷயம்தான். ஆனால் வீட்டு வாடகை அதில் இருக்கிறது.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளை வேலைக்குத் தயார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவர்களுக்குத் தசைகளின் பெயர் தெரியும், முழங்காலில் எந்தத் தசைநார் அறுந்தது என்று சோதிக்கத் தெரியும். முதல் வேலையில் அவர்களைத் திணற அடிப்பது அதுவல்ல. முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் யாரும் இல்லை. அதுதான் திணற அடிக்கிறது. தனியாக நின்று முடிவெடுப்பது, அதிகாரம் உள்ளவரிடம் முடியாது என்று சொல்வது, இந்த இரண்டையும் மாணவராக இருக்கும்போதே, பக்கத்தில் ஆள் நிற்கும்போதே பழக்கிவிட வேண்டும். பாடத்திட்டம் முழுவதையும் இந்த ஒரு நோக்கத்தை வைத்துத் திரும்ப எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 2018 மே 29. மேரிலாந்து பல்கலைக்கழகம். அமெரிக்கக் கால்பந்து அணியினருக்கு 110 கஜ தூரத்தைத் திரும்பத் திரும்ப ஓடும் பயிற்சி. ஜோர்டான் மெக்நேர், வயது 19, ஆறடிக்கு மேல் உயரம், 300 பவுண்டுக்கு மேல் எடை. ஓடிக்கொண்டிருக்கும்போதே தசைப்பிடிப்பு, தள்ளாட்டம். பிறகு பல்கலைக்கழகமே ஏற்பாடு செய்த வெளியார் விசாரணை நிமிடம் நிமிடமாகக் கணக்கெடுத்தது. அறிகுறி தொடங்கியதிலிருந்து அவரை மைதானத்தை விட்டு அப்புறப்படுத்த 34 நிமிடம். அவசர எண்ணுக்கு அழைக்க 1 மணி 7 நிமிடம். ஆம்புலன்ஸ் புறப்பட 1 மணி 39 நிமிடம். உடல் வெப்பநிலையை யாரும் அளக்கவில்லை. குளிர்ந்த நீர்த்தொட்டியில் இறக்கவில்லை. மருத்துவமனையில் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைவரை போயும் பயனில்லாமல் ஜூன் 13 அன்று அந்தப் பிள்ளை இறந்துபோனான். பணியாளர்களின் தவறுகளுக்குச் சட்டப்படியும் தார்மிகமாகவும் பொறுப்பேற்பதாகப் பல்கலைக்கழகத் தலைவர் வெளிப்படையாகச் சொன்னார்.

அந்த அறிக்கையில் ஒரு விவரம் என்னை விடவே இல்லை. தொட்டியில் ஏன் இறக்கவில்லை என்பதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, ஆள் பெரிய உருவம், தண்ணீரில் இறக்கினால் மூழ்கிவிடுவாரோ என்ற அச்சம். சிகிச்சை இன்னது என்பது புத்தகத்தில் இருக்கிறது. அதைப் படித்தவர்கள் அங்கே இருந்தார்கள். 300 பவுண்டு ஆளை எப்படித் தொட்டிக்குள் இறக்கிப் பிடித்துக்கொள்வது என்று செய்து பார்த்திருந்தால் அந்த அச்சத்துக்கே இடம் இருந்திருக்காது.

ஆகவே என்னிடம் வருகிற மாணவர்கள் அதைச் செய்து பார்க்கிறார்கள். முறை எளியது. ஒரு பெரிய துண்டையோ படுக்கை விரிப்பையோ நெஞ்சுக்குக் குறுக்கே போட்டு, இரண்டு அக்குளுக்கும் அடியில் நுழைத்து, இரு முனைகளையும் பின்னால் நிற்பவர் ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு பெரிய ஆளானாலும் தலை தண்ணீருக்கு மேலேயே நிற்கும். இன்னொருவர் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கலக்காவிட்டால் உடம்பை ஒட்டிய தண்ணீர் சூடாகி, போர்வைபோல் சுற்றி நின்றுவிடும். மேலே ஐஸ் மிதந்துகொண்டிருக்க வேண்டும். அணியிலேயே பெரிய உருவமுள்ள பையனைக் கேட்டு வரவழைத்து, நினைவிழந்தவன்போல் துவண்டு படுக்கச் சொல்வோம். மாணவிகள் நான்கு பேர் சேர்ந்து அவனைத் தொட்டியில் இறக்குவார்கள். முதல் தடவை தடுமாறுவார்கள், ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்வார்கள், யார் தலையைப் பிடிப்பது என்று வாக்குவாதம் வரும். அந்தத் தடுமாற்றம் அங்கே நடந்து முடிந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பயிற்சி.

தொட்டி இல்லாத இடத்தில் தார்ப்பாய். ஆளைத் தார்ப்பாயின் நடுவில் கிடத்தி, சுற்றிலும் ஆறேழு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரும் ஐஸும் கொட்டி, இரண்டு பக்கமும் மாறி மாறி அசைத்தால் அதுவே தொட்டி.

வெப்பத் தாக்குதலின் மருத்துவம் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். உடலின் உள்வெப்பநிலை 40.5 டிகிரி செல்சியஸைத் தாண்டி, கூடவே குழப்பம், தள்ளாட்டம், சம்பந்தமில்லாத பேச்சு, காரணமில்லாத கோபம் என்று மூளை சார்ந்த அறிகுறி தெரிந்தால் அது வெப்பத் தாக்குதல். அரை மணி நேரத்துக்குள் 38.9-க்குக் கொண்டுவர வேண்டும். அதைச் செய்துவிட்டால் பிழைக்கிறார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால்மவுத் என்ற ஊரில் ஆகஸ்ட் மாத வெயிலில் ஒரு சாலையோட்டம் நடக்கிறது. 18 ஆண்டுகளில் அங்கே 274 பேருக்கு வெப்பத் தாக்குதல் வந்தது. 274 பேரும் பிழைத்தார்கள். பந்தயம் முடியும் இடத்தில் தொட்டிகளும் ஐஸும் அதைச் செய்யத் தெரிந்த ஆட்களும் காத்திருந்தார்கள் என்பதுதான் காரணம். முதலில் குளிர்வி, பிறகு மருத்துவமனைக்கு அனுப்பு என்பது இந்தத் தொழிலின் அடிப்படை விதி. ஆம்புலன்ஸ் வந்து நின்ற பிறகும், தொட்டியிலிருந்து இப்போது எடுக்க முடியாது, இன்னும் சில நிமிடம் பொறுங்கள் என்று சொல்லத் துணிவு வேண்டும். வேலையில் சேர்ந்து இரண்டு மாதமான ஒருவர், சீருடை அணிந்த ஆம்புலன்ஸ்காரர்களைப் பார்த்து இதைச் சொல்ல வேண்டியிருக்கும்.

2001-இல் மின்னசோட்டா வைக்கிங்ஸ் என்ற தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து அணியின் வீரர் கோரி ஸ்ட்ரிங்கர், 27 வயதில், இதே வெப்பத் தாக்குதலில்தான் இறந்தார். அவர் பெயரில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் 2010-இல் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கினார்கள். அதை நடத்துகிற டக்ளஸ் காசா பள்ளி மாணவனாக 1985-இல் ஓர் ஓட்டப்பந்தயத்தில் இதே தாக்குதலுக்கு ஆளாகி, உடனடிச் சிகிச்சையால் பிழைத்தவர். தன்னைக் காப்பாற்றிய சிகிச்சையை ஊரெல்லாம் பரப்புவதே வாழ்நாள் வேலை என்று எடுத்துக்கொண்டவர். அவரை நான் பெரிதும் மதிக்கிறேன்.

வெப்பத் தாக்குதல் சிகிச்சையில் மாணவர்கள் பேசத் தயங்குகிற பகுதி ஒன்று உண்டு. நெற்றியிலோ காதிலோ அக்குளிலோ வைத்துப் பார்க்கும் தெர்மாமீட்டர், ஓடி வியர்த்த உடம்பில் தப்பான அளவைக் காட்டும். ஆசனவாய் வழியாக நீளமான மெல்லிய கம்பியைச் செலுத்தி அளப்பதுதான் மைதானத்தில் நம்பத்தகுந்த முறை. இதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். படித்து முடித்தவர்கள்கூட, பெற்றோர் என்ன சொல்வார்களோ, நிர்வாகம் என்ன சொல்லுமோ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பொம்மையை வைத்துக் கையைப் பழக்குவதோடு நிறுத்தக் கூடாது. ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோர் கூட்டத்தில் இதை எப்படிச் சொல்வது என்பதையும் பழக்க வேண்டும். ஒரு மாணவர் பெற்றோராக உட்கார்ந்து, என் பெண்ணுக்கு இதையெல்லாம் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன் என்று சண்டை போடுவார். இன்னொருவர் பொறுமையாக, மறைப்பு எப்படிக் கட்டுவோம், கூட யார் இருப்பார், ஏன் வேறு வழியில்லை என்று விளக்குவார். பல தடவை சொல்லிப் பார்த்த வார்த்தை, நெருக்கடியில் தானாக வரும்.

கோச்சிடம் முடியாது என்று சொல்வதும் அப்படித்தான். தலையில் அடிபட்ட பிள்ளையை மறுபடி ஆட விடக் கூடாது என்பது இப்போது சட்டம். வாஷிங்டன் மாநிலத்தில் சாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுப் பையன் 2006-இல் தலையில் அடிபட்டும் அதே ஆட்டத்தில் திரும்ப இறக்கப்பட்டான். மூளையில் ரத்தக் கசிவாகி, வாழ்நாள் முழுதும் சுமக்கும் பாதிப்பு வந்தது. 2009-இல் அவன் பெயரால் சட்டம் வந்தது. ஐந்தாறு ஆண்டுகளில் ஐம்பது மாநிலங்களிலும் அதுபோன்ற சட்டம் வந்துவிட்டது. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே அன்று ஆட்டம் முடிந்தது. உரிமம் பெற்ற மருத்துவப் பணியாளர் எழுத்தில் அனுமதி தந்த பிறகுதான் மறுபடி களம். சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தை வெள்ளிக்கிழமை ராத்திரி, விளக்கொளியில், ஊரே கத்திக்கொண்டிருக்கும்போது செயல்படுத்த வேண்டியவர் பெரும்பாலும் ஒரே ஓர் ஆள்.

ஒரு மேல்நிலைப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் என் மாணவி ஒருத்தி இப்படி நின்றாள். கடைசி ஆண்டு. மோதிக்கொண்டு விழுந்த பையனை ஓரமாக அழைத்துவந்து சோதித்தாள். எந்தப் பாதி ஆட்டம், எதிரணி யார், போன வாரம் யாருடன் ஆடினோம் என்று கேட்டாள். பதில் எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு பதிலும் ஒரு மூச்சு தாமதித்து வந்தது. கண் அவள் முகத்தில் நிற்காமல் நழுவியது. உதவிக் கோச் வந்து, நன்றாகத்தானே இருக்கிறான், இப்போதே களத்தில் அவன் வேண்டும் என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பேசவில்லை, தலையசைக்கவும் இல்லை. தலையிடும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான். அவள் குனிந்து அந்தப் பையனின் ஹெல்மெட்டை எடுத்துத் தன் கையில் மாட்டிக்கொண்டாள். "கோச், இன்றைக்கு இவன் ஆட மாட்டான். அம்மா அப்பாவிடம் நான் பேசுகிறேன்" என்றாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. ஹெல்மெட் இல்லாமல் யாரும் களத்தில் இறங்க முடியாது. அதனால் அதை எடுத்து வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். ஆட்டம் முடியும்வரை அதைக் கீழே வைக்கவே இல்லை அவள்.

அன்று நான் வாயைத் திறந்திருந்தால் பையனுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. அவளுக்குத்தான் நஷ்டம். கிணற்றில் நீச்சல் சொல்லிக்கொடுப்பவர் இடுப்புக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவார். பிள்ளை நீந்துவது தன் பலத்தால் என்று பிள்ளைக்கே தெரிய வேண்டும், முனை மட்டும் அவர் கையில் இருக்கும். மேற்பார்வை என்பது அப்படித் தளர வேண்டும். முதல் பருவத்தில் நான் செய்வதை அவர்கள் பார்க்கிறார்கள். பிறகு அவர்கள் செய்ய நான் பார்க்கிறேன். கடைசிப் பருவத்தில் அவர்கள் முடிவெடுத்துவிட்டு என்னிடம் காரணம் சொல்கிறார்கள். கடைசிவரை பக்கத்திலேயே நின்று பதில் சொல்லிக்கொடுத்துவிட்டு, மறுமாதம் ஆயிரம் மாணவர்கள் உள்ள பள்ளியில் தன்னந்தனியாக விட்டால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? சில பிரிசெப்டர்கள் பொறுப்புணர்வால்தான் இப்படிச் செய்கிறார்கள். நோயாளிக்கு ஆபத்து வரக் கூடாது என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் இன்றைய நோயாளியைப் போலவே அடுத்த ஆண்டு இந்த மாணவியின் கையில் வரப்போகிற நோயாளியும் நம் பொறுப்பு.

இப்போதைய அங்கீகார விதிகளில் ஒரு நல்ல அம்சம் உண்டு. குறைந்தது நான்கு வாரம், வகுப்பு வேறு எதுவும் குறுக்கிடாமல், முழுநேரமும் களத்திலேயே இருக்க வேண்டும். காலையில் சிகிச்சை அறையைத் திறப்பதிலிருந்து, இரவு ஆட்டம் முடிந்து கடைசிக் குறிப்பை எழுதி விளக்கணைப்பதுவரை அந்த வேலையின் முழு உருவத்தையும் பார்க்கிறார்கள். பகுதி நேரமாக மதியம் மூன்று மணிக்கு வந்து ஆறு மணிக்குப் போகும் மாணவருக்குத் தெரியாத பல விஷயங்கள் அங்கே தெரியவரும். காப்பீட்டு நிறுவனத்துடன் தொலைபேசியில் மன்றாடுவது, மருத்துவரிடம் நேரம் கேட்பது, மழையால் ஆட்ட நேரம் மாறி மூன்று அணிகளும் ஒரே நேரத்தில் வந்து நிற்பது, எல்லாவற்றுக்கும் மேலாக எழுதுவது. எழுதாத சிகிச்சை நடக்காத சிகிச்சை என்று மருத்துவமனைகளில் சொல்வார்கள். மைதானத்திலும் அதுவே விதி. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் முதலில் விட்டுவிடுவது குறிப்பெழுதுவதைத்தான். களைப்பு. நாளை எழுதலாம் என்று தோன்றும். நாளைக்கு வேறு ஆறு பேர் வந்துவிடுவார்கள்.

முன்பு இன்னொரு இடைப்படி இருந்தது. சான்றிதழ் வாங்கியவர்கள் ஒரு கல்லூரியில் உதவியாளராகச் சேர்ந்து, மேலே அனுபவசாலிகள் இருக்க, பாதி மாணவராகவும் பாதிப் பணியாளராகவும் இரண்டாண்டு முதுகலை படிப்பார்கள். முதுகலையே நுழைவுத் தகுதி ஆனபின் அந்த இடங்கள் குறைந்துபோயின. பட்டம் உயர்ந்தது நல்லது. அந்த இரண்டாண்டு நிழல் போனது நல்லதல்ல. அதற்கு மாற்றை வேலை கொடுப்பவர்கள்தான் ஏற்படுத்த வேண்டும். புதிதாக வருகிறவருக்கு முதல் ஆண்டு முழுதும் ஒரு மூத்தவரை, அதே ஊரில் இல்லாவிட்டாலும், தொலைபேசியிலாவது நிர்ணயித்துக் கொடுப்பது பெரிய செலவல்ல. மருத்துவமனைகள் புதிய நர்சுகளுக்குச் செய்வதைப் பள்ளிகள் இவர்களுக்குச் செய்ய ஏன் தயங்க வேண்டும்?

வேலை தேடும்போது தாங்களும் கேள்வி கேட்க வேண்டும் என்று மாணவர்களிடம் சொல்வேன். சம்பளம் எவ்வளவு என்பது ஒரு கேள்விதான். என் மேலதிகாரி யார் என்பது அதைவிட முக்கியம். கோச்சின் கீழ் வேலை பார்க்கிற டிரெயினர், தன் வேலையை நீட்டிக்கிற அதிகாரம் உள்ளவரிடமே முடியாது என்று சொல்ல வேண்டியிருக்கும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் ஐந்து பெரிய அணிக் கூட்டமைப்புகள் 2016-இல் இதற்கு ஒரு விதி செய்தன. வீரர் ஆடலாமா கூடாதா என்ற மருத்துவ முடிவு மருத்துவரும் டிரெயினரும் எடுப்பது, கோச் அதில் கைவைக்கக் கூடாது. விதி ஏட்டில் இருந்தும் என்ன நடக்கும் என்பதை 2018-இல் மேரிலாந்தில் நடந்தது காட்டிவிட்டது. அதனால் நேர்முகத் தேர்வுக்குப் போகிற பிள்ளை கேட்க வேண்டும்: அவசரகாலச் செயல்திட்டம் எழுதி வைத்திருக்கிறீர்களா, ஒவ்வொரு மைதானத்துக்கும் தனித்தனியாகவா? இதயம் நின்றால் மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவி எங்கே இருக்கிறது, மூன்று நிமிடத்துக்குள் கொண்டுவர முடியுமா? தொட்டி இருக்கிறதா? வெயில், ஈரப்பதம், காற்று மூன்றையும் சேர்த்து அளக்கிற கருவி இருக்கிறதா? ஜார்ஜியா மாநிலத்தின் பள்ளி விளையாட்டுச் சங்கம் 2012-லேயே அந்த அளவை வைத்து விதி செய்துவிட்டது. அது 92 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் வெளியில் பயிற்சி கிடையாது. இன்னொன்றையும் கேட்க வேண்டும்: எனக்கு விடுப்பு உண்டா, நான் இல்லாத நாளில் யார் பார்ப்பார்? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிற இடத்தில் முதல் வேலையை ஏற்க வேண்டாம் என்பேன். இப்படிச் சொல்வது எளிது, கல்விக் கடன் உள்ள பிள்ளைக்குச் செய்வது கடினம் என்பதும் தெரியும். முதுகலை கேட்கிற தொழிலுக்கு ஏற்ற சம்பளம் பல பள்ளிகளில் இல்லை. மாலையும் சனி ஞாயிறும் வேலை. ஐந்தாறு ஆண்டில் தொழிலையே விட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 2019-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் டிரெயினரே இல்லை. ஆள் தேவை. ஆனால் ஆளை நிறுத்திவைக்கிற ஏற்பாடு போதவில்லை.

தயாரிப்பு எப்படிப் பலன் தரும் என்பதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2023 ஜனவரி 2, சின்சினாட்டி. பஃபலோ பில்ஸ் என்ற தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து அணியின் டமார் ஹாம்லின் எதிரணி வீரரைத் தடுத்தபோது நெஞ்சில் அடி. எழுந்து நின்றார், அப்படியே பின்னால் சாய்ந்தார். இதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட நொடியில் நெஞ்சில் அடிபட்டால் இதயம் தாளம் தப்பி நின்றுவிடக்கூடும். அணியின் உதவி டிரெயினர் டென்னி கெல்லிங்டன் சி.பி.ஆர். தொடங்கினார். ஏ.இ.டி. வந்தது. கோடிக்கணக்கானவர்கள் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹாம்லின் பிழைத்து, அடுத்த பருவத்தில் மறுபடி ஆடினார். அந்த அணி ஆடும் தொடரில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு மணி நேரம் முன்னால் இரு அணிகளின் மருத்துவக் குழுவினரும் நடுவரும் உள்ளூர் அவசர ஊர்திக் குழுவினரும் கூடிப் பேசுவது வழக்கம். யார் எங்கே நிற்பார், எந்த மருத்துவமனை, என்ன சைகை என்று ஒவ்வொரு வாரமும் அதையே பேசுவார்கள். பெரும்பாலான வாரங்களில் ஒன்றும் நடக்காது. மாணவர்களுக்கு அந்த ஒன்றும் நடக்காத வாரங்களின் மதிப்பைத்தான் கற்றுத்தர வேண்டியிருக்கிறது. பள்ளி ஆட்டமானாலும், எதிரணி வந்து இறங்கியதும் போய் வணக்கம் சொல்லி, ஏ.இ.டி. இதோ இருக்கிறது, ஆம்புலன்ஸ் இந்தப் பக்கம் வரும் என்று சொல்லிவிட்டு வா என்று அனுப்புவேன்.

உங்களில் சிலர் இந்தத் தொழிலுக்கு வர முடியுமா என்று கேட்டீர்கள். இந்தியாவில் வாங்கிய பிசியோதெரபி பட்டத்தை வைத்து முன்பு சொன்ன சான்றிதழ்த் தேர்வை நேரடியாக எழுத முடியாது. கனடா, அயர்லாந்து போன்ற ஒருசில நாடுகளின் அமைப்புகளுடன்தான் பரஸ்பர ஏற்பு இருக்கிறது. மற்றவர்கள் அங்கே அங்கீகாரம் பெற்ற முதுகலை படிக்க வேண்டும். முன்பே உடற்கூறு, உடலியங்கியல் படித்திருப்பது உங்களுக்குப் பெரிய பலம். செலவையும், விசாவையும், எந்த மாநில உரிமம் என்பதையும் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

வராவிட்டாலும் செய்ய ஒரு வேலை இருக்கிறது. இங்கே பெரும்பாலான பள்ளிகளில் விசில் ஊதுவதும், மேட்ச் நடத்துவதும், விழுந்த பிள்ளையைத் தூக்குவதும் எல்லாம் பி.டி. சாரே. ஏப்ரல் வெயிலில் மாவட்டப் போட்டிக்குப் பயிற்சி நடக்கிறது. உங்கள் கல்லூரி மைதானத்துக்கு ஒரு பக்கத் திட்டம் எழுதுங்கள். யாராவது மயங்கி விழுந்தால் 108-க்கு யார் அழைப்பது, முகவரியை எப்படிச் சொல்வது, ஆம்புலன்ஸ் எந்தக் கேட் வழியாக வரும், ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேட் சாவி யாரிடம் இருக்கும், சி.பி.ஆர். தெரிந்தவர்கள் யார் யார், ஐஸ் எந்தக் கடையில் கிடைக்கும், தார்ப்பாய் எங்கே மடித்து வைத்திருக்கிறது. எழுதியதை உங்கள் பேராசிரியரிடம் காட்டும் முன்னால் வாட்ச்மேனிடம் காட்டுங்கள். எது நடக்காது என்பதை அவர் உடனே சொல்லிவிடுவார். திருத்தி எழுதி, ஒரு நாள் சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து ஒத்திகை பாருங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் ஒத்திகையில் நேரம் கூடுதலாகத்தான் ஆகும். அதை எனக்கு எழுதுங்கள், எங்கே குறைக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.